ரெண்டும் ஒண்ணுதானுங்ணா

"ரெண்டும் ஒண்ணுதானுங்ணா. ஆபீஸ் இங்கிலீஷ்ல அப்படித்தான் எழுதுவோம்."

2013-ல், தொழிற்சாலை ஆபீஸில் மெமோ டைப் செய்கிற நான் ஒரு லேத் ஆபரேட்டருக்குச் சொன்ன பதில் இது. சொல்ல மூன்று நொடிகூட ஆகியிருக்காது.

அவர் என் மேஜைக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார், கையில் அவர் மேல் குற்றம் சாட்டும் சார்ஜ் மெமோ. இரண்டாவது பத்தியில் 'நெக்லிஜென்ட்' என்ற சொல்லுக்குக் கீழே பென்சில் கோடு. ஓரத்தில் குண்டு குண்டான பள்ளிக்கூடக் கையெழுத்தில் 'அசட்டை, அலட்சியம்' என்று எழுதியிருந்தது. ப்ளஸ் டூ படிக்கிற மகள் அகராதியைப் பார்த்து எழுதிக் கொடுத்தாளாம்.

"தம்பி, கவனக்குறைவுன்னு நானே எழுதிக் குடுத்திருந்தேனுங்களே. இதுல அலட்சியம்னு வருதாமா, பாப்பா சொல்றா. நான் அலட்சியமாவா இருந்தேன்?"

அதற்குத்தான் அந்தப் பதில்.

நடந்தது பெரிய மர்மம் ஒன்றுமில்லை. மூன்றாம் ஷிஃப்ட், கம்ப்யூட்டரில் எண் கொடுத்து ஓட்டும் சிஎன்சி லேத். இன்சர்ட்டை, அதாவது வெட்டும் முனையை மாற்றிவிட்டு, டூலின் நிலையைத் திருத்தும் எண்ணான ஆஃப்செட்டில் 0.2 என்று அடிக்க வேண்டிய இடத்தில் 2.0 என்று அடித்துவிட்டார். டூல் ஆழமாக இறங்கி, கடைகிற ஜாப் அதைப் பிடித்திருந்த சக்கிலிருந்து பிடுங்கிக்கொண்டு போய், டூல்களைத் தாங்கும் டரட்டில் அடித்தது. அவர் எமர்ஜென்சி பட்டனை அமுக்கி, சூப்பர்வைசருக்குச் சொல்லி அனுப்பிவிட்டு, அவர் வருவதற்குள் லாக் புக்கில் எழுதியும் வைத்துவிட்டார். அந்த வரி எனக்கு இன்னும் மனப்பாடம்: "ஆஃப்செட் 0.2-க்குப் பதில் 2.0 அடித்தது நான். நேரம் 3.40." யாரும் கேட்கவில்லை. திரையில் இருந்ததை அழித்துவிட்டு மிஷின் மேல் பழி போட்டிருக்கலாம்; அப்படிச் செய்தவர்களையும் பார்த்திருக்கிறேன். அலட்சியக்காரன் எழுதுகிற வரியா அது?

மெமோவை டைப் செய்தது நான். என் தரப்பையும் சொல்ல வேண்டும். கவனக்குறைவுக்கு 'கேர்லெஸ்' என்று போட்டிருக்கலாம். ஆனால் 'கேர்லெஸ்' என்றால் எனக்குக் கணக்கு வாத்தியார்தான் ஞாபகம் வருவார். கூட்டலில் ஒன்றை விட்டுவிட்டால் நோட்டில் சிவப்பு மையில் 'கேர்லெஸ் மிஸ்டேக்' என்று எழுதுவார். அது பள்ளிக்கூடச் சொல். 'நெக்லிஜென்ட்' கோட்டு போட்ட சொல். பழைய ஃபைல்களைப் பார்த்துத்தான் ஆபீஸ் ஆங்கிலம் கற்றேன், எல்லா ஃபைலிலும் அதுதான் இருந்தது. கனமான சொல்லைப் போட்டால் மெமோ ஒழுங்காக இருக்கிறது என்று நினைத்தேனே தவிர, அவர் மேல் எனக்கு ஒரு வருத்தமும் கிடையாது. தீபாவளிக்கு அவர் வீட்டு முறுக்கு சாப்பிட்டவன் நான்.

ஆனால் அவருக்கு நான் கொடுத்த மெமோ அது மட்டுமில்லை. 2010-ல் கூலன்ட் செக் ஷீட் நிரப்பவில்லை என்று ஒன்று. 2012-ல் பன்னிரண்டு ஷாஃப்ட் அளவு குறைந்துபோனதற்கு ஒன்று. இரண்டிலும் அதே சொல்தான், ஏனென்றால் டெம்ப்ளேட் அதேதான். பெயரும் தேதியும் மாறும், சொல் மாறாது. அப்போதைய மத்திய அரசின் மாதிரி நிலையாணைகளில், அதாவது தொழிற்சாலை வேலை விதிகளில், ஒழுங்கீனப் பட்டியல் ஒன்று இருந்தது. அதில் 'ஹேபிச்சுவல் நெக்லிஜென்ஸ்', அதாவது அது வழக்கமாகிப் போன நிலை, ஓர் இனம். ஒரு தடவை நடந்ததை வழக்கம் என்று சொல்ல முடியாது. மூன்று மெமோவில் ஒரே சொல் இருந்தால் சொல்லலாம். ஃபைலைப் புரட்டிப் பார்த்த மேனேஜருக்கு அது கண்ணில் பட்டது. நான் அடுக்கி வைத்ததை அவர் எண்ணிப் பார்த்தார், அவ்வளவுதான்.

அப்புறம் உள்விசாரணை. விசாரணை அதிகாரி ஒரு வக்கீல், நல்ல மனிதர். சார்ஜைத் தமிழில் படித்துக் காட்டச் சொன்னார். நான் படித்தேன். அந்தச் சொல் வந்ததும் வாயில் தானாக வந்தது 'அலட்சியமாக' என்றுதான். ரெண்டும் ஒண்ணுதான் என்று சொன்ன அதே வாய். 'கவனக்குறைவாக' என்று அப்போதாவது சொல்லியிருக்கலாம், யாரும் தடுத்திருக்க மாட்டார்கள்.

அவர் எழுந்து நின்று சொன்னார்: "தப்பை ஒத்துக்கறேனுங்க. அந்த ஒரு வார்த்தையை மட்டும் மாத்திக்குங்க."

விசாரணைக் குறிப்பு எழுதியதும் நான்தான். "குற்றச்சாட்டை ஒப்புக்கொண்டார்" என்று எழுதினேன். இரண்டாவது வாக்கியத்தை எழுதவில்லை. யாரும் எழுத வேண்டாம் என்று சொல்லவில்லை. அது பதில் மாதிரி தெரியவில்லை, வேண்டுகோள் மாதிரி இருந்தது; குறிப்பில் வேண்டுகோள் எழுதும் வழக்கம் இல்லை. இப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். கையெழுத்துப் போடும்போது அவர் படித்துப் பார்க்கவில்லை. நான் எழுதியது என்பதால் படிக்கவில்லை.

வேலையிலிருந்து நீக்கினார்கள். பத்தொன்பது வருட சர்வீஸ். கடைசிச் சம்பளம் 11,700. இருபத்தாறால் வகுத்து, பதினைந்தால் பெருக்கி, பத்தொன்பதால் பெருக்கினால் 1,28,250 ரூபாய் பணிக்கொடை. அப்போது நடைமுறையில் இருந்த 1972-ஆம் ஆண்டுப் பணிக்கொடைச் சட்டத்தின் 4(6) பிரிவுப்படி, நிர்வாகத்தின் சொத்துக்குச் சேதம் உண்டாக்கியதற்காக நீக்கப்பட்டவரிடம் சேதத்தின் அளவுக்குப் பிடித்துக்கொள்ள முடிந்தது. டரட் வேலைக்கு ஆன 86,000 போக, 42,250-க்குச் செக் போட்டோம். அந்தக் கணக்கையும் நான்தான் போட்டேன். இரண்டு தடவை சரிபார்த்தேன். புள்ளி இடம் மாறிவிடக் கூடாதே என்று.

அதற்குப் பிறகுதான் இந்தச் சொற்களைத் தேடித் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். முன்னாலேயே படித்திருக்க வேண்டியது. பழைய ஆங்கிலத்தில் 'கேர்' என்றால் கவலை, துக்கம். 'கேர்லெஸ்' முதலில் கவலையில்லாதவன் என்றுதான் இருந்திருக்கிறது. 'ரெக்லெஸ்' வேறு: ஆபத்து தெரிந்தும் போனால் போகட்டும் என்று துணிவது. 'ஸ்லிப்ஷாட்' என்பது தொளதொளத்த செருப்பைப் போட்டுக்கொண்டு இழுத்து நடப்பதிலிருந்து வந்த சொல். நம் 'ஏனோதானோ'வுக்குப் பக்கத்தில் வரும். 'நெக்லிஜென்ஸ்' லத்தீனிலிருந்து வந்தது, பொருட்படுத்தாமல் விடுவது. அப்படிப் பார்த்தால் அந்தப் பெண் அகராதியில் கண்டது சரி.

சட்டத்தில் பார்த்தால் வேறு மாதிரி. 1932-ல் பிரிட்டிஷ் பிரபுக்கள் சபை ஒரு ஜிஞ்சர் பீர் பாட்டில் வழக்கில் தீர்ப்புச் சொன்னது. பாட்டிலுக்குள் அழுகிய நத்தை கிடந்ததாக, குடித்த பெண் தொடுத்த வழக்கு. தயாரித்தவன் மனதில் அசட்டை இருந்ததா என்பது அங்கே கேள்வியே இல்லை. எடுக்க வேண்டிய கவனத்தை எடுக்கக் கடமை இருந்ததா, எடுத்தானா, இதுதான் கேள்வி. சாதாரணக் கவனக்குறைவே அதற்குள் அடங்கிவிடும். நம் ஊர் எஃப்ஐஆரில் 'அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும்' என்று எழுதுவார்கள். 'அஜாக்கிரதை' அந்தச் சட்டச் சொல்லுக்கு எவ்வளவோ நெருக்கம், மனதுக்குள் புகுந்து பார்ப்பதில்லை. 'அலட்சியம்' புகுந்து பார்க்கிறது.

அப்படியென்றால் 'ரெண்டும் ஒண்ணுதான்' என்று நான் சொன்னது ஏறக்குறைய சரி. இதைக் கண்டுபிடித்த அன்று எனக்கு நிம்மதி வந்திருக்க வேண்டும், வரவில்லை. அவர் என்னிடம் சட்டம் கேட்கவில்லை. "நான் அலட்சியமாவா இருந்தேன்?" என்று கேட்டார். லாக் புக்கைப் பார்த்தவன் என்கிற முறையில் எனக்குப் பதில் தெரியும். "இல்லீங்ணா" என்று ஒரு சொல் போதும். அதை மெமோவில் எழுத முடியாது, ஆனால் அவர் முகத்தைப் பார்த்துச் சொல்லியிருக்கலாம்.

தெரிந்த வக்கீல் ஒருவரிடம் கேட்டேன். வேறு சொல் போட்டிருந்தாலும் பணம் பிடித்திருப்பார்கள் என்றார். அந்தப் பணிக்கொடைப் பிரிவில் நெக்லிஜென்ஸுக்கு முன்னால் 'எந்தச் செயலும்' என்று இருந்ததாம். ஆனால் நீக்கம் நின்றிருக்குமா, ஒரே ஒரு தவறுக்கு இவ்வளவு தண்டனையா என்று தொழிலாளர் நீதிமன்றத்தில் கேட்டிருக்கலாமே என்றும் அவரே சொன்னார். வேலை போனவர் அங்கே போகவில்லை. ஒத்துக்கொண்டவன் எதற்குப் போக வேண்டும் என்றாராம்.

இப்போது மெமோவில் நடந்ததை மட்டும் எழுதுகிறேன். எந்த மிஷின், எத்தனை மணி, எந்த எண்ணுக்குப் பதில் எந்த எண். டிராஃப்ட் மேனேஜரிடம் போகும், திரும்பி வரும். நிலையாணையில் உள்ள சொல் இல்லையே, இனம் காட்டாமல் சார்ஜ் நிற்காது என்று ஓரத்தில் எழுதியிருக்கும். அவர் சொல்வதும் சரிதான். போன மாதமும் அந்தச் சொல்லைச் சேர்த்துத்தான் அனுப்பினேன்.