கேம்பிரிட்ஜ் வெளியில் வந்த மாதம்

6 ஜனவரி 2024, சனி

நேற்றிரவு மகள் கொழும்பிலிருந்து எடுத்தாள். சேலை, மேளம், சாப்பாடு எல்லாம் கதைத்து முடிந்து, போனை வைக்கப்போகிற நேரத்தில், "அம்மா, மண்டபத்துக்கு நான் அம்மப்பான்ர காரிலதான் போவன். வேற கார் பிடிச்சுப் போடாதேங்கோ" என்றாள். கல்யாணம் 24ஆம் திகதி. கார் கடைசியாக ஓடியது 2020 பங்குனியில், ஊரடங்கு போடுவதற்கு இரண்டு நாள் முந்தி.

விடிய எழும்பி முதல் வேலையாகக் கொட்டிலுக்குப் போய்த் தார்ப்பாயை இழுத்தேன். ஒஸ்ரின் ஏ55 கேம்பிரிட்ஜ், இரண்டாவது மார்க். மேல்பாதி பால் நிறம், கீழ்ப்பாதி பச்சை, பின்னால் மீன் செட்டை மாதிரி இரண்டு கூர். 1959இல் வந்த இந்த உடம்பை வரைந்தவர் இத்தாலிக்காரர் பினின் பரினா. இதையே சின்னச் சின்ன மாற்றங்களோடு மொறிஸ் ஒக்ஸ்போட், வூல்ஸ்லி, றைலி, எம்.ஜி. என்றும் விற்றார்கள். அடுத்த வருசம் வந்த பெஜோ 404ம் அவருடைய கைவண்ணம்தான். அதனால் தூரத்தில் வரும்போது இரண்டையும் ஒழுங்கைப் பிள்ளைகள் மாறிச் சொல்வோம். அப்பா தலையைத் திருப்பாமலே சத்தத்தை வைத்துச் சொல்லிவிடுவார்.

கதவைத் திறந்தேன். அதன் பாரம் இன்னும் கைக்குத் தெரிகிறது; பாதி திறந்தபிறகு அது தானாகவே மிச்சத் தூரத்தைப் போகும். உள்ளே காய்ந்த சீற்றுத் தோலின் மணம், அதற்கு அடியில் மெல்லிய மண்ணெண்ணெய் மணம். டாஷ்போட் பெட்டிக்குள் அம்மா வைத்த திருநீற்றுச் சரை அப்படியே இருந்தது. கடதாசி மஞ்சளாகிப் போய்விட்டது. ஒரு விரலால் தொட்டுப் பூசிக்கொண்டு கதவைச் சாத்தினேன்.

9 ஜனவரி, செவ்வாய்

மெக்கானிக் அண்ணை வந்தார். எழுபது தாண்டிவிட்டது, ஆனாலும் காருக்குக் கீழே புகுந்தால் அரை மணித்தியாலம் வெளியில் வரமாட்டார். எஞ்சின் இறுகவில்லை, பிளக்கைக் கழற்றி ஒயில் விட்டுக் கையால் சுற்றிப் பார்த்தார், சுற்றியது. பிரேக்தான் பாடு. நாலு சில்லிலும் சிலிண்டர் றப்பர் காய்ந்து பிரேக் எண்ணெய் கசிந்திருக்கிறது. "பிரேக் பிடிச்ச பிறகுதான் ஸ்ராட் பண்ணுவன் ரீச்சர், அதுக்கு முந்தி நீங்கள் கேட்கப்படாது" என்றார்.

பின் சீற்றுக்குள் எலி கூடு கட்டியிருந்தது. சீற்றைத் தூக்கி முற்றத்தில் வைத்தபோது அடியில் கிடந்தவற்றை ஒரு சிரட்டைக்குள் போட்டு எனக்குத் தந்தார். இரண்டு கொண்டை ஊசி, தம்பியின் நீலப் போளை, சதுரமான அஞ்சு சதம் ஒன்று, ஒரு கை கச்சான் கோது.

கச்சான் கோது என்றால் முறிகண்டிதான். கொழும்புக்குப் போவதென்றால் அப்பா விடிய மூன்று மணிக்கே எல்லாரையும் எழுப்பிவிடுவார். முன்னுக்கு மூன்று பேர், பின்னுக்கு ஆறு பேர், மடியில் இருக்கிற குழந்தைகள் கணக்கில் இல்லை. கியர் கம்பி ஸ்ரியறிங்குக்குக் கீழே இருந்ததால் முன் சீற்றில் நடுவில் இருப்பவருக்கும் கால் வைக்க இடம் இருந்தது. அந்த இடம் எப்போதும் அப்பாச்சிக்கு. வாழையிலையில் கட்டிய புட்டு அவவின் மடியில் சுடச்சுட இருக்கும். ஆனையிறவில் விடியும். உப்புக் காற்று உள்ளே வந்ததும் நித்திரையாய்க் கிடந்த பிள்ளைகள் ஒவ்வொருவராக எழும்புவோம்.

முறிகண்டிப் பிள்ளையாரடியில் நிற்காமல் எந்த வாகனமும் போகாது. அப்பா தேங்காய் உடைப்பார், பிறகு பொனற்றைத் திறந்து, சாக்கைச் சுற்றிப் பிடித்துக்கொண்டு ரேடியேற்றர் மூடியை மெல்லத் திருகுவார். அது மூச்சுவிட்டு முடியும்வரை நாங்கள் கிட்டப் போகக்கூடாது. அந்த நேரத்துக்குள் அம்மா சுடுமணலில் வறுத்த கச்சானைச் சுருளில் வாங்கி வந்துவிடுவா. கோதைக் காருக்குள் போடவேண்டாம் என்று அப்பா ஒவ்வொரு முறையும் சொல்வார். ஐம்பது வருசத்துக்குப் பிறகு அது சிரட்டை நிறையக் கிடைத்திருக்கிறது.

11 ஜனவரி, வியாழன்

தம்பி ரொறொன்ரோவிலிருந்து. கொழும்பில் பழைய கார் சேர்க்கிற ஒருவர் நல்ல விலை தருவாராம். உதிரிப்பாகங்களுக்காகக் கேட்கவில்லை, திருத்தி ஓடத்தான் கேட்கிறார் என்று இரண்டு தரம் சொன்னான். நான் போளையைப் படம் பிடித்து அனுப்பினேன். கனநேரம் பதில் இல்லை. பிறகு, "அக்கா, அதைத் தபாலில் அனுப்பேலுமே?" என்று மட்டும் கேட்டான்.

13 ஜனவரி, சனி

கேம்பிரிட்ஜுக்கு முந்தி எங்களிடம் நின்றது ஏ40 சோமசெற். 1952 முதல் 1954 வரை மட்டும் செய்த மாதிரி, 1,200 சிசி எஞ்சின், எல்லாப் பக்கமும் உருண்டை. இலக்கம் ஈ.என்.னில் தொடங்கும், அதாவது ஸ்ரீ வருவதற்கு முந்திய இலக்கம். 1957இல் இலக்கத் தகட்டில் சிங்கள ஸ்ரீ வந்தபோது, எங்கள் பக்கத்தில் அதை எதிர்த்துத் தமிழ் ஸ்ரீ எழுதி ஓடினார்கள். புதுக் கார்க்காரருக்குத்தான் அந்தப் பிரச்சினை வந்தது, எங்கள் சோமசெற்றுக்கு வரவில்லை என்று அப்பா சொல்லுவார்.

சோமசெற்றில் எனக்கு ஒரு உத்தியோகம் இருந்தது. அந்தக் காருக்கு மினுங்குகிற சிக்னல் விளக்கு இல்லை. முன் கதவுக்கும் பின் கதவுக்கும் இடையில் உள்ள தூணுக்குள் ஒரு கைகாட்டி மடிந்திருக்கும். அப்பா சுவிச்சைத் திருப்பினால் 'டக்' என்று வெளியில் வந்து, செம்மஞ்சள் நிறத்தில் எரியும். அது அடிக்கடி பாதியில் இறுகிவிடும். பின் சீற்றில் இருக்கிற நான் உட்பக்கமாகத் தூணில் குத்தவேண்டும், உடனே வந்துவிடும். கோப்பாய்ச் சந்தி வந்தால் அப்பா, "பிள்ளை" என்று மட்டும் சொல்வார். எட்டு வயதில் நானும் கார் ஓட்டுவதாகவே நினைத்துக்கொண்டிருந்தேன்.

1971இல் கேம்பிரிட்ஜ் வந்தது. இறக்குமதி இறுகிப்போன காலம், புதுக் கார் என்ற கதையே இல்லை; இதையும் மானிப்பாயில் இளைப்பாறிய ஒரு டொக்டரிடம்தான் வாங்கினார். சோமசெற்றை ஹயர், அதாவது வாடகைக்கு, ஓடுகிற ஒருவருக்குக் கொடுத்தார். சந்தியில் அதைக் காணும்போதெல்லாம் எங்கள் வீட்டுப் பிள்ளை வேறு வீட்டில் வளர்கிற மாதிரி இருக்கும்.

1992 ஆவணியில் எனக்கு வலி வந்தது நடுச்சாமத்தில். கரண்ட் இல்லாத காலம். இவர் கிளிநொச்சிப் பள்ளிக்கூடம் ஒன்றில் படிப்பிக்கிறார். வருவதென்றால் கிளாலிக் கடலைப் படகில் கடக்கவேண்டும். கேம்பிரிட்ஜுக்குள் ஒரு சொட்டு எண்ணெய் இல்லை. அப்பா சைக்கிளை எடுத்துக்கொண்டு போய் ஒரு ஹயர்க் காரோடு வந்தார். இருட்டில் எந்தக் கார் என்று நான் பார்க்கவில்லை, பார்க்கிற நிலையிலும் இல்லை. ஒழுங்கையால் ஏறி றோட்டில் திரும்பும்போது என் தோளடியில் தூணுக்குள் ஏதோ உராய்ந்து, பாதியில் நின்றது. நான் கையை மடக்கி ஒரு குத்துக் குத்தினேன். டக்.

சாரதி திரும்பிப் பார்த்தார். "அட, உங்களுக்கு இது தெரியுமே தங்கச்சி!"

அஞ்சாம் நாள் பிள்ளையோடு வீட்டுக்குக் கொண்டுவந்து விட்டதும் அவர்தான். காசு வாங்கவில்லை. "ஒரு போத்தல் மண்ணெண்ணெய் இருந்தாத் தாங்கோ ஐயா" என்று அப்பாவிடம் கேட்டார். அம்மா விளக்குக்கு வைத்திருந்ததை எடுத்துக் கொடுத்தா.

15 ஜனவரி, திங்கள். பொங்கல்

பால் பொங்கிச் சரிந்த கையோடு மெக்கானிக் அண்ணை மகனையும் கூட்டிக்கொண்டு வந்தார். மூன்றாம் தரத்துக்குப் பிடித்தது. முதலில் ஒரு இருமல், பிறகு நீலப் புகை, பிறகு அந்தச் சத்தம். மதிலுக்கு மேலால் அயல் வீட்டு அக்கா எட்டிப் பார்த்து, "ஐயா வந்திட்டாரெண்டு நினைச்சன்" என்றா. அப்பா போய்ப் பதினான்கு வருசம்.

17 ஜனவரி, புதன்

மகளுக்கு மாப்பிள்ளையாக வரப்போகிற தம்பி வந்து காரைப் பார்த்தார். எலெக்ட்ரிக் எஞ்சினியர். மண்ணெண்ணெயில் கார் ஓடியது என்று கேள்விப்பட்டிருக்கிறார், எப்படி என்று கேட்டார். அதை இங்கே எழுதி வைக்கிறேன். அறிந்த கைகள் குறைந்துகொண்டு வருகின்றன.

1990க்குப் பிறகு யாழ்ப்பாணத்துக்கு அரசாங்கம் போட்ட பொருளாதாரத் தடை. பெற்றோல், பற்றறி எதுவும் வராது. மண்ணெண்ணெயும் கள்ளமாய் வந்ததுதான், அது மட்டும் கொஞ்சம் கைக்கு எட்டியது. மண்ணெண்ணெய் குளிரில் ஆவியாகாது, ஆகவே எஞ்சின் முதலில் பெற்றோலில்தான் பிடிக்கும். எங்கள் வீட்டில் அதற்கு ஒரு சூப்பிப் போத்தல். அதிலிருந்து கார்பறேற்றருக்குள் இரண்டு பீச்சு, கார் தள்ளுகிறவர்கள் ஓடத் தொடங்குவார்கள், பிடித்ததும் இன்னொரு பீச்சு. எஞ்சின் சூடேறிய பிறகு மண்ணெண்ணெயை விட்டால் அதன்பாட்டில் ஓடும். அந்தக் காலத்து எஞ்சின்களின் அமுக்கம் குறைவு; இல்லாவிட்டால் அந்த எண்ணெய்க்குத் தாங்காமல் இடித்து நொறுங்கியிருக்கும்.

அப்பா கவலைப்பட்டது வேறொன்றுக்கு. எரியாத மண்ணெண்ணெய் பிஸ்ரன் ஓரத்தால் வழிந்து எஞ்சின் ஒயிலோடு சேரும். எல்லாக் காரிலும் ஓட ஓட ஒயில் மட்டம் இறங்கும், எங்கள் காரில் ஏறும். விடியக்காலையில் அப்பா ஒயில் கம்பியை இழுத்து, இரண்டு விரலுக்கிடையில் தேய்த்து, மணந்து பார்ப்பார். தண்ணீர் மாதிரி வழுக்கினால் அன்றைக்கு ஓட்டம் இல்லை. பிளக்குகளைக் கம்பித் தூரிகையால் உரசிக் கரி எடுப்பது என் வேலை. பாடம் படிப்பிக்கப் போகும்போதும் நகக்கண்ணில் கறுப்பு இருக்கும்.

1995 ஒக்டோபர் 30 இரவு, ஆமி நெருங்கி வர யாழ்ப்பாணச் சனமெல்லாம் இடம்பெயர்ந்தபோதும் அப்படித்தான் வெளிக்கிட்டோம். ஒன்றரைப் போத்தல் எண்ணெய். உள்ளே அப்பாச்சி, அம்மா, மூன்று வயது மகள், அயலட்டையில் நடக்க ஏலாத நாலு கிழவிகள், ஒரு கைக்குழந்தை. டிக்கியில் அரிசி, அதற்கு மேல் யாரோ ஒருவருடைய தையல் மெசின். நாவற்குழிப் பாலத்துக்கு முன்னால் சனம் அசையாமல் நின்றது. ஓடாத எஞ்சின் கொதிக்காதே என்று நிற்பாட்டிவிட்டோம். பிறகு விடியும்வரைக்கும் அதைத் தள்ளினோம். தெரியாத பெடியள் வந்து ஒரு கை கொடுத்துவிட்டுப் போவார்கள், வேறு ஆட்கள் வருவார்கள். மழை. நான் பின் செட்டையில் கை வைத்துத் தள்ளினேன். அந்தக் கூர் உள்ளங்கையில் பதிந்த இடம் பல நாள் நொந்தது. அப்பா ஒரு கையால் ஸ்ரியறிங்கைப் பிடித்தபடி வெளியில் நடந்தார், காருக்குப் பாரம் கூடும் என்று ஏறவேயில்லை.

1996 சித்திரையில் மீசாலையிலிருந்து அதே காரில் திரும்பி வந்தோம். அப்பாச்சி வரவில்லை.

மாப்பிள்ளைத் தம்பி எழும்பிப் போய் அந்தச் செட்டையைத் தொட்டுப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை.

20 ஜனவரி, சனி

காங்கேசன்துறை வீதியால் கீரிமலை வரைக்கும் ஒரு ஓட்டம். நான் ஓட்டினேன், மெக்கானிக் அண்ணை பக்கத்தில். 1984இல் முற்றவெளியில் அப்பா பழக்கின கை, கியர் கம்பியைத் தேடவேண்டியிருக்கவில்லை. சுன்னாகம் தாண்டியதும் ரேடியேற்றரின் மேல் ஹோஸ் வெடித்து ஆவி கிளம்பியது. ஓரங்கட்டிப் பொனற்றைத் திறந்து நிற்க, ஒரு வீட்டுக்காரர் கேட்காமலே வாளியில் தண்ணீர் கொண்டுவந்தார். "எங்கட ஐயாவிட்டயும் இதே கார் நிண்டது, ஒக்ஸ்போட்" என்றார். சைக்கிள் ரியூபை வெட்டிச் சுற்றிக் கட்டித் தந்தவரும் அவர்தான். அவருடைய மகன் காரைச் சுற்றிச் சுற்றி வந்தான், நான் ஒருக்கால் ஹோர்ண் அடிக்க விட்டேன்.

25 ஜனவரி, வியாழன். தைப்பூசம்

கல்யாணம் நேற்று முடிந்தது.

தாய் கார் ஓட்டிக்கொண்டு போகிறதோ என்று பெரியவர்கள் இரண்டு பேர் முகம் சுழித்தார்கள். அவர்களுக்கு நான் மறுமொழி சொல்லவில்லை. நாலு சில்லுக்கும் தேசிக்காய் வைத்தேன், கூறைக்கரையைச் செருகினேன், செருப்பைக் கழற்றிச் சீற்றுக்குக் கீழே தள்ளினேன். அப்பாவும் வெறுங்காலோடுதான் ஓட்டுவார். கிளச் பேசுவது காலுக்குக் கேட்கும் என்பார்.

மகள் பின்னுக்கு இருந்தாள், பக்கத்தில் தோழியும் மச்சாளும். முன்னுக்கு நடுவில் அவளுடைய மூன்று வயது மருமகன். இவர் கதவோரம். மண்டபம் நாலு மைல்தான், மீற்றரில் முள் இருபதைத் தாண்டவில்லை. சந்தியில் திரும்பும்போது சிக்னல் போட்டேன். இந்தக் காரில் அது விளக்குத்தான், சத்தம் இல்லாமல் மினுங்கும். கண்ணாடியில் பார்த்தேன். மகள் மருதாணிக் கையை மடக்கி, கதவுத் தூணில் மெல்ல ஒரு குத்துக் குத்தினாள்.

28 ஜனவரி, ஞாயிறு

பின் சீற்று இடுக்கிலிருந்து மல்லிகைப்பூவும் அட்சதையும் எடுத்தேன். எல்லாவற்றையும் எடுக்கவில்லை.

பிள்ளைகள் கொழும்புக்குத் திரும்ப முந்தி முறிகண்டிக்குக் கேம்பிரிட்ஜில் போகவேணுமாம், தேங்காய் உடைக்க. சைக்கிள் ரியூப் கட்டோடு அவ்வளவு தூரம் விடமாட்டேன் என்று மெக்கானிக் அண்ணை சொல்லிவிட்டார். நாளைக்கு ரவுனுக்குப் போய் ஹோஸ் தேடவேண்டும். பழைய ஹோஸைக் கழற்றிப் பைக்குள் வைத்திருக்கிறேன், அளவுக்கு.