நகைக்கடை வாசலில் பாவ் பாஜி

அகமதாபாத் போகிறவர்கள் சபர்மதி ஆசிரமத்தைப் பார்த்துவிட்டு மாலையே அறைக்குத் திரும்பிவிடுகிறார்கள். ராத்திரி பத்து மணிக்கு மேல் பழைய நகரத்து மானேக் சௌக் பக்கம் போய்ப் பாருங்கள். பகலெல்லாம் அது நகைக்கடை வீதி. ஷட்டர்கள் இறங்கியதும் அதே வாசல்களில் அடுப்பும் மேசை நாற்காலியும் வந்துவிடும். நள்ளிரவு தாண்டியும் கூட்டம் குறையாது. கைக்குழந்தையோடு குடும்பம் குடும்பமாக உட்கார்ந்திருப்பார்கள்.

பாவ் பாஜியில் வெண்ணெய் மிதக்கிறது. அன்னாசிப்பழ சாண்ட்விச் மேல் சீஸைத் துருவி மலையாகக் குவிக்கிறார்கள். தோசையும் உண்டு, ஆனால் நம்மூர் ஆள் அதைத் தோசை என்று ஒப்புக்கொள்ள மாட்டார். நானும் ஒப்புக்கொள்ளவில்லை, தட்டைக் காலி செய்ததோடு சரி!

பக்கத்திலேயேதான் 1411-இல் இந்த நகரத்தை நிறுவிய அகமது ஷாவின் கல்லறை. 2017-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த ஊர் இது. பகலில் ஸ்கூட்டர்களுக்கு ஒதுங்கவே நேரம் சரியாக இருக்கும். ராத்திரிதான் பழைய வீடுகளின் மரச் செதுக்கல்களை நின்று அண்ணாந்து பார்க்க முடிகிறது.

அப்புறம், காரில் மட்டும் போகாதீர்கள். நிறுத்த இடம் தேடியே பசி போய்விடும்.