மத்தியான சீரியல் கேசட்டும் நடுவில் வந்த விளம்பரமும்

பழைய சீரியல்களில் பலதும் யூடியூபில் கிடைக்கும். இடையில் வந்த நிர்மா, கோபால் பல்பொடி விளம்பரங்களோடு சேர்த்துப் பார்க்கத்தான் அன்று டிவியிலிருந்து பதிந்த வீடியோ கேசட் வேண்டும். ரெக்கார்ட் பண்ணும்போது பலரும் அங்கே பாஸ் பட்டனை அமுக்கிவிடுவார்கள். சோம்பேறிகள் எடுத்த கேசட்தான் இன்று புதையல்! லேபிளில் 'கல்யாணம்' என்று இருந்தாலும் கடைசிவரை ஓட்டிப் பாருங்கள், மிச்ச டேப்பில் சீரியல் ஏறியிருக்கலாம்.

குளச்சல், முட்டம் பக்கம் கடல் ஈரம் அதிகம். பரணில் கிடந்த விஎச்எஸ் வீடியோ கேசட்டை எடுத்ததும் பிளேயரில் போட்டுவிடாதீர்கள். கேசட்டின் ஜன்னல் வழியே டார்ச் அடித்தால், ரீலின் மேல் வெள்ளையாகப் படிந்திருப்பது பூஞ்சை. அது பிளேயருக்குள் டேப்பைப் படிக்கும் ஹெட்டை அடைக்கும், அடுத்துப் போடுகிற நல்ல கேசட்டுக்கும் தொற்றும். அந்த மாதிரி கேசட்டுக்குத் தனி பிளேயர் வையுங்கள்.

சுத்தமான கேசட் என்றால் முழுக்க ஃபார்வர்ட், பிறகு முழுக்க ரீவைண்ட். ஹெட் துடைக்க 99 சதவீத ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலும் சாமோய் என்கிற மிருதுவான தோலும் போதும். காது குடையும் பஞ்சு வேண்டாம், அதன் நூல் ஹெட்டில் சிக்கும். தோலை அசையாமல் பிடித்து, ஹெட் பதிந்த உருளையான டிரம்மைக் கையால் சுற்ற வேண்டும். மேலும் கீழும் தேய்த்தால் ஹெட் உடைந்துவிடும்.

கம்ப்யூட்டரில் ஏற்றும் கேப்சர் அளவு 720×576 பிக்சல், நொடிக்கு 25 ஃபிரேம். பாஸ் போட்டு எடுத்த இடங்களில் சிக்னல் குதிக்கும். மலிவான யுஎஸ்பி கேப்சர் கருவி அங்கே ஃபிரேமைத் தவறவிட, அதன்பிறகு வசனமும் வாயசைப்பும் ஒத்துப்போகாது.