அப்பம் யார் கையில்

2009-ல் திருப்பூருக்கு ஊழியத்துக்கு வந்தபோது என்னிடம் ஒப்படைக்கப்பட்டது ஒரே ஓர் அறை. வேலம்பாளையம் பக்கம் ஒரு லைன் வீடு, பத்துக்குப் பத்து. மூலையில் அடுப்பு, மேலே கொடியில் துணி, சுவரோரம் ஒரு கட்டில். ஞாயிறு காலையில் கட்டிலைத் தூக்கி வெளியே வைத்துவிட்டுப் பாய் விரிப்பார்கள். நெருக்கி உட்கார்ந்தால் 18 பேர். பத்தொன்பதாவது ஆளுக்கு வாசற்படி. பாட்டு, வேத வாசிப்பு, ஜெபம் எல்லாம் முடிந்ததும் அதே அடுப்பில் தக்காளி சாதம் தயாராகும். அந்த வீட்டு அண்ணன் பனியன் கம்பெனியில் டெய்லர், அக்கா அதே கம்பெனியில் டெய்லருக்கு உதவும் கைமடி வேலை. மூன்று வருடம் எனக்கு ஞாயிறு மதியச் சாப்பாடு அவர்கள் வீட்டில்தான். இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். பின்னால் சொல்லப்போவது அவர்களைப் பற்றியும்தான்.

கோயில் கட்டக் காசு சேரும்வரை தற்காலிகமாகக் கூடும் இடம்தான் வீட்டுச் சபை என்று நானும் அப்போது நினைத்திருந்தேன். வேதத்தைத் திருப்பிப் பார்த்தால் முதல் தலைமுறை விசுவாசிகளுக்கு இதைத் தவிர வேறு இடமே இருந்ததாகத் தெரியவில்லை. ரோமர் 16-ஆம் அதிகாரத்தில் அப்போஸ்தலனாகிய பவுல், பிரிஸ்கில்லாளுக்கும் ஆக்கில்லாவுக்கும் அவர்கள் வீட்டில் கூடுகிற சபைக்கும் வாழ்த்துச் சொல்கிறார். கூடாரம் தைத்துப் பிழைத்த தம்பதி அவர்கள். ரோமப் பேரரசன் கிலவுதியு ராயன் யூதர்களை ரோமாபுரியிலிருந்து வெளியேற்றியபோது கொரிந்துவுக்கு வந்தார்கள். அங்கே பவுல் அவர்களோடு தங்கி அதே தொழிலைச் செய்தார். அப்புறம் எபேசு, அங்கேயும் அவர்கள் வீட்டில் ஒரு சபை. மறுபடி ரோமாபுரி, அங்கேயும் ஒன்று. திருப்பூரில் இந்தப் பகுதியை வாசித்தால் விளக்கமே வேண்டாம். தேனியிலிருந்தும் திண்டுக்கல்லிலிருந்தும் தூத்துக்குடியிலிருந்தும் தையல் மிஷினைத் தேடி வந்தவர்கள்தான் என் முன்னால் உட்கார்ந்திருந்தார்கள்.

2012-ல் எண்ணிக்கை 40-ஐத் தொட்டது. சந்தோஷத்தில் ஒரு காரியம் செய்தேன். கடைக்கு மேலே மாடியில் ஒரு ஹாலை வாடகைக்கு எடுத்தேன். பிளாஸ்டிக் நாற்காலி, கீபோர்டு, மைக் செட். எல்லாரும் கைதட்டி வரவேற்றார்கள். நானும் வளர்ந்துவிட்டோம் என்றுதான் நம்பினேன்.

பாயில் உட்கார்ந்து சத்தமாக ஜெபித்தவர்கள் நாற்காலியில் உட்கார்ந்ததும் வாய் திறக்கவில்லை. முன்பு ஒருவர் வராவிட்டால் பாயில் இடம் காலியாகத் தெரியும். இப்போது தெரியவில்லை. ஒரு சகோதரி மூன்று வாரம் வரவில்லை. நான் கவனிக்கவே இல்லை. பஸ் ஸ்டாப்பில் தற்செயலாகப் பார்த்தபோதுதான் அவர் கணவருக்கு மிஷினில் கை மாட்டி ஆஸ்பத்திரியில் கிடந்தது தெரிந்தது. "உங்களுக்குத் தெரியும்னு நினைச்சேன் ஐயா" என்றார். மாதக் கடைசியில் வாடகை நெருங்க நெருங்க என் பிரசங்கத்தில் காணிக்கை பற்றிய பேச்சு கூடியது. பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர், பிளஸ் டூ படிக்கும் மகளால் மைக் சத்தத்தில் படிக்க முடியவில்லை என்று வந்து சொன்னார். அவர் சொன்னது நியாயம். 40 பேருக்கு மைக் எதற்கு?

சிரியாவில் யூப்ரடீஸ் நதிக்கரையில் துரா யூரோபஸ் என்று ஒரு பழைய நகரம். அங்கே 1930-களின் தொடக்கத்தில் ஒரு வீட்டுச் சபையைத் தோண்டி எடுத்தார்கள். கி.பி. 240 வாக்கில் ஒரு சாதாரண வீட்டை ஆராதனைக்கு மாற்றியிருக்கிறார்கள்; இரண்டு அறைகளுக்கு நடுவிலிருந்த சுவரை எடுத்து ஒரே கூடமாக்கியிருக்கிறார்கள். அந்தப் படத்தைப் பார்க்கும்போதெல்லாம் சுவரை இடித்தவர்கள் மனதில் என்ன ஓடியிருக்கும் என்று யோசிப்பேன். லைன் வீட்டில் சுவர் நம்முடையது இல்லை, வீட்டுக்காரருடையது. ஆள் கூடினால் நமக்கு இரண்டே வழி: ஹாலுக்குப் போவது, இல்லையென்றால் இன்னொரு வீட்டில் பாய் விரிப்பது. நான் முதலாவதைத் தேர்ந்தெடுத்தேன். இரண்டாவதை எனக்குக் காட்டியது பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்த்த ஓர் அக்கா.

தேனிப் பக்கத்துக்காரர். அப்போது வயது ஐம்பதை ஒட்டி இருக்கும். அவர் கம்பெனியில் அவசர ஆர்டர்கள். ஞாயிறும் மதியம்வரை வேலை. ஹாலுக்கு வர முடியவில்லை. அதனால் தன் காம்பவுண்டிலேயே ஞாயிறு சாயங்காலம் ஆட்களைக் கூட்ட ஆரம்பித்துவிட்டார். என்னிடம் கேட்கவில்லை. ஏழு பேர். அதில் நான்கு பேர் அதுவரை எந்தக் கோயில் வாசலையும் மிதிக்காதவர்கள். விஷயம் என் காதுக்கு வந்ததும், உபதேசத்தில் ஏதாவது தப்பு நடந்துவிடும் என்று திருத்துவதற்காகத்தான் போனேன்.

அக்காவுக்கு எழுத்துக் கூட்டித்தான் வாசிக்க வரும். எட்டாவது படித்துக்கொண்டிருந்த மகள் சுவிசேஷத்தில் ஒரு சம்பவத்தை வாசித்தாள். அதையே அக்கா கதையாகச் சொன்னார். பிறகு ஒவ்வொருவரிடமும், "உங்களுக்கு இந்த வாரம் எப்படிப் போச்சு?" என்று கேட்டார். ஒருத்திக்குத் தைராய்டு மாத்திரை தீர்ந்திருந்தது. ஒருவருக்குப் பள்ளிக்கூட பீஸ். இன்னொருத்தியின் புருஷன் சனிக்கிழமைச் சம்பளத்தை வாங்கிக்கொண்டு வீடு வரவில்லை. மகள் எல்லாவற்றையும் தினசரி காலண்டர் தாளின் பின்பக்கம் குறித்துக்கொண்டாள். பேர் சொல்லிப் பேர் சொல்லி ஜெபித்தார்கள். இரண்டு மணி நேரமாயிற்று. பிரசங்கம் என்று எதுவும் இல்லை. போன வாரத் தாளை எடுத்து, எது ஆயிற்று, எது ஆகவில்லை என்றும் பார்த்தார்கள்.

1742-ல் இங்கிலாந்தின் பிரிஸ்டலில் மெதடிஸ்டுகளுக்குக் கட்டடக் கடன் இருந்தது. பன்னிரண்டு பேருக்கு ஒருவர் வாரம் ஒரு பென்னி வசூலிக்க வீடு வீடாகப் போகட்டும் என்று முடிவு செய்தார்கள். போனவர்கள் காசோடு, யார் வீட்டில் என்ன கஷ்டம், யார் வழி தவறிப் போகிறார்கள் என்பதையும் அறிந்துகொண்டு வந்தார்கள். அப்படித்தான் அந்த இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லியின் 'வகுப்புகள்' என்ற சிறு குழுக்கள் உருவாயின. அந்த அக்கா வெஸ்லியைக் கேள்விப்பட்டதே இல்லை. ஆனால் கேள்வி அதே கேள்வி.

திருத்த எதுவும் இல்லாமல் எழுந்தேன். செருப்பு போடும்போது, இயேசுவின் நினைவாக அப்பமும் திராட்சை ரசமும் பகிரும் திருவிருந்தைப் பற்றி அக்கா கேட்டார்: "ஐயா, இவங்களுக்கு அப்பம் யார் குடுக்கறது?"

"மாசத்துக்கு ஒருக்கா நான் வர்றேங்க்கா" என்றேன்.

எட்டு மாதம் போனேன். அதற்குள் அக்காவின் தங்கை மகள் பெருமாநல்லூர் பக்கம் குடிபோய் அங்கே ஒரு கூட்டம் தொடங்கினாள். அங்கேயும் மாதம் ஒருமுறை என்று ஒப்புக்கொண்டேன். மாதம் ஒன்று இரண்டு மாதமாயிற்று. மூன்றாவதாக ஒரு வீட்டில் கேட்டபோது, பிறகு பார்க்கலாம் என்று சொல்லிவிட்டேன். அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. சபை பெருகாமல் நின்றதற்குக் காரணம் தேடி ஊரெல்லாம் அலைந்திருக்கிறேன். என் டிவிஎஸ் வண்டி ஞாயிற்றுக்கிழமை எத்தனை வீட்டுக்குப் போகுமோ அத்தனை சபைக்கு மேல் உண்டாகாதபடி வைத்திருந்தது நான்தான்.

திருவிருந்தைக் குருவானவர்தான் நடத்த வேண்டும் என்ற ஒழுங்கு உள்ள சபைகள் உண்டு. அதற்குப் பின்னால் நூற்றாண்டுகளின் யோசனை இருக்கிறது, அதை நான் மதிக்கிறேன். எங்கள் சபையில் அப்படி ஒரு சட்டம் இல்லை. மூப்பர்கள் சம்மதித்தால் போதும். என் கையில் இருந்தது வெறும் பழக்கம்.

மூப்பர்கள் கூடியபோது அக்காவின் பெயரைச் சொன்னேன். படிப்பில்லை என்றார் ஒருவர். பெண் என்றார் இன்னொருவர். தென்கொரியாவில் ஒரு சபையின் போதகர் டேவிட் யோங்கி சோ 1964-ல் வேலைப் பளுவால் நிலைகுலைந்து விழுந்தபோது, வீட்டுக் குழுக்களை நடத்த ஆண்கள் தயங்கினார்கள், பெண்கள்தான் முன்வந்தார்கள் என்று எடுத்துச் சொன்னேன். அந்தச் சபை பிற்காலத்தில் அடைந்த பிரமாண்டம் எனக்கு உவப்பானதில்லை. ஆனால் அது பெண்கள் நடத்திய வீடுகளில் வளர்ந்தது உண்மை. அத்தோடு அந்தப் பேச்சு அடங்கியது. வெளியே வந்து வண்டியை எடுக்கும்போது, எனக்கு மூன்று வருடம் சோறு போட்ட அந்த அண்ணன் பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னார்: "தம்பி, மத்ததெல்லாம் சரி. அந்தம்மா கையால எப்படி…"

முடிக்கவில்லை. முடிக்கத் தேவையும் இருக்கவில்லை. அப்போதுதான் என் நினைவில் ஒவ்வொன்றாக வந்தது. அக்கா அந்த வீட்டில் ஒருநாளும் சமையல் பக்கம் போனதில்லை. அக்கா கொண்டுவந்த பலகாரம் பையிலேயே திரும்பிப் போயிருக்கிறது. அக்காவின் காம்பவுண்டுக்குப் போனால் அண்ணன் வெளியில் நின்றே பேசிவிட்டு வருவார். மூன்று வருடம் அந்த அறையில் உட்கார்ந்து சாப்பிட்டவன் நான். எனக்கு ஒன்றும் தெரியவில்லை.

இது எங்கள் தெருவில் முளைத்த வியாதி இல்லை. 1833-ல் கல்கத்தா பிஷப் டேனியல் வில்சன், தென்னிந்தியச் சபைகளில் சாதி வித்தியாசம் உடனே ஒழிய வேண்டும் என்று கடிதம் எழுதினார். சேர்ந்து உட்காருவதையும் ஒரே பாத்திரத்தில் குடிப்பதையும் விடச் சபையை விட்டுப் போவதே மேல் என்று தஞ்சாவூரில் பலர் வெளியேறினார்கள். அதற்கும் முன்னால், கொரிந்துவில் ஒரு வீட்டில் கூடிய சபையில் ஒருவன் பசியாயிருக்க இன்னொருவன் வெறித்திருந்தான் என்றுதான் பவுல் கடிந்துகொள்கிறார். கோயிலில் வரிசையில் நின்று வாங்கிவிட்டுப் போய்விடலாம். வீட்டில் யார் எந்த டம்ளரில் குடிக்கிறார்கள் என்பது எல்லார் கண்ணிலும் படும்.

இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. மத்தியப் பிரதேசத்தில் தமோ என்ற ஊரில் 1897-ல் மிஷனரிப் பெற்றோருக்குப் பிறந்து தானும் மிஷனரியான டொனால்ட் மக்கவ்ரன், விசுவாசம் உறவு வழியாகத்தான் வேகமாகப் பரவுகிறது, சமூக எல்லையைத் தாண்டச் சொல்லாமல் சேர்த்தால் ஆட்கள் எளிதாக வருவார்கள் என்று வாதிட்டார். கவனித்து அறிந்தவர் சொன்னது. என் அனுபவத்திலும் ஒவ்வொரு கூட்டமும் அத்தை மகன், மச்சினி, ஒரே ஊர்க்காரர் என்றுதான் பெருகியது. நம் ஊரில் உறவு என்றாலே சாதிதான். எங்கள் கூட்டங்களில் இரண்டு, ஒரே சாதிக்காரர்களாகவே சேர்ந்திருந்ததைப் பிறகுதான் பார்த்தேன். அவற்றையும் வளர்ச்சி என்று அதுவரை எழுதி அனுப்பியிருந்தேன். மக்கவ்ரன் சொன்னபடி சபை ஒன்று பத்தாகலாம். அந்தப் பத்தும் ஒருவர் கையால் ஒருவர் வாங்காத பத்தாக இருந்தால், அதற்காக என் வாழ்நாளைக் கொடுக்க எனக்கு மனமில்லை.

முதல் தடவை அக்கா அப்பம் பிட்ட அன்று, அவரே சுட்ட சப்பாத்தி, எவர்சில்வர் டம்ளரில் திராட்சை ரசம். ஒரே டம்ளர். கை நடுங்கியது. நான் பாயின் கடைசியில் உட்கார்ந்து வாங்கிக்கொண்டேன். அழைத்தவர்களில் பாதிப் பேர் வந்திருந்தார்கள். அண்ணன் வீட்டிலிருந்து யாரும் வரவில்லை.

அவர்கள் பிறகு வேறொரு பெரிய சபைக்குப் போய்விட்டார்கள். மூன்று முறை வீட்டுக்குப் போனேன். மூன்று முறையும் காபி கொடுத்தார்கள், என் பிள்ளைகளை விசாரித்தார்கள், இந்தப் பேச்சை மட்டும் எடுக்கவிடவில்லை. அந்த இழப்பு இன்னும் ஆறவில்லை. வேறு விதமாகச் செய்திருக்கலாமா என்று பலமுறை யோசித்தும், அக்காவின் கையிலிருந்து அப்பத்தைத் திரும்ப வாங்கும் வழி ஒன்றும் எனக்குச் சரியாகப் படவில்லை.

அடுத்த மாதமே ஹாலைக் காலி செய்தோம். கொடுத்த அட்வான்ஸ் திரும்ப வந்ததில் ஒருவருக்கு ஆபரேஷன் நடந்தது. அதன் பிறகு கூட்டங்கள் பெருகின என்பது உண்மை. ஆனால் பயிற்சி வகுப்புகளில் ஒன்று இரண்டு, இரண்டு நான்கு என்று பலகையில் வரைவார்களே, அப்படி நான் எங்கும் பார்த்ததில்லை. இன்று 11 வீடுகள். தொடங்கி மூடியவை 7. தீபாவளி போனஸ் வாங்கி ஊருக்குப் போன குடும்பம் திரும்பவில்லை, வீட்டுக்காரர் காலி செய்யச் சொன்னார், இப்படிச் சில. இரண்டு கூட்டங்களைச் சீட்டுப் பணம் உடைத்தது. விசுவாசிகளுக்குள் சீட்டுப் பிடிக்கக் கூடாது என்று இப்போது தொடங்கும் நாளிலேயே சொல்லிவிடுகிறோம். 2020 ஊரடங்கில் அக்காவின் தங்கை மகள் தேனிக்குத் திரும்பிப் போனாள். அங்கே மாட்டுக்கொட்டகைக்குப் பக்கத்தில் ஒரு திண்ணையில் இப்போது கூடுகிறார்கள். நான் போய்ப் பார்த்தது ஒரே ஒரு முறை.

போன வருடம் அக்கா போன் செய்து, அவர் கம்பெனிப் பையன்கள் சிலர் தங்கியிருக்கும் ரூமுக்கு வரச் சொன்னார். ஒடிசாவில் கந்தமால் மாவட்டத்துக்காரர்கள். 2008 கலவரத்தில் அங்கே கிறிஸ்தவர்களின் வீடுகளும் கோயில்களும் எரிந்தபோது சிறு பிள்ளைகளாக இருந்தவர்கள். ஆறு பேர், ஒரே அறை, சுவரோரம் சுருட்டிய படுக்கைகள். அவர்கள் பாடியது குயி மொழியாம். திராவிடக் குடும்பத்து மொழிதான் என்றாலும் எனக்கு ஒரு வார்த்தையும் பிடிபடவில்லை. பாட்டு முடிந்ததும் ஒரு பையன் தட்டில் ரொட்டியை எடுத்து என் பக்கம் நீட்டினான், நான்தான் நடத்த வேண்டும் என்று. அக்கா என்னைப் பார்த்தார். நான் தட்டை அவன் பக்கமே நகர்த்திவிட்டு வாசற்படியில் உட்கார்ந்தேன். உள்ளே இடமில்லை.