டாமாய் சுவரில் நெஞ்சு அசெண்டர் ஒருவழியாக ஓடியது

பத்துமலைக்குப் பக்கத்தில் உள்ள டாமாய் சுவரில் இந்த ஞாயிற்றுக்கிழமை, நெஞ்சு அசெண்டருக்குள் (கயிற்றில் மேலே நகரும், கீழே வழுக்காமல் பிடித்துக்கொள்ளும் கருவி, நெஞ்சில் மாட்டுவது) கயிறு தானாக ஓடியது. நான் கையால் இழுத்துவிடவில்லை, கீழே நின்று யாரும் கயிற்றைப் பிடிக்கவும் இல்லை. கையால் நகர்த்தும் கைப்பிடி அசெண்டரில் தொங்கும் கால் வளையத்தில் எழுந்து நின்றேன், நெஞ்சு அசெண்டரும் கூடவே ஏறியது. இப்படி உட்கார்ந்து, எழுந்து, தவளை முறையில் கயிறு ஏறுகிறவர்களுக்கு இது எவ்வளவு பெரிய சந்தோஷம் என்று தெரியும்.

எல்லாம் நெஞ்சுப் பட்டையில்தான் இருக்கிறது. பட்டை தளர்ந்திருந்தால் அசெண்டர் முன்னால் சாயும். எழும்போது கயிறு அதில் வழுக்கி ஓடாமல் அதோடு சேர்ந்து மேலே வரும், உட்காரும்போது ஏறியதில் பாதி போய்விடும். சாதாரண தையல் வளையத்தைத் தோளில் மாட்டி ஒப்பேற்றுவதை விட்டுவிட்டு, உலோகக் கொக்கி வைத்த பட்டை ஒன்று வாங்கினேன். தரையில் நிமிர்ந்து நிற்கவே கஷ்டமாக இருக்கும் அளவுக்கு அதை இறுக்க வேண்டும். சற்றுக் கூன் போட்டுத்தான் நடக்க முடியும். கயிற்றில் தொங்கிய பிறகு அதே இறுக்கம் மிகச் சரியாக இருக்கிறது. முதல் சில மீட்டர்களில் கீழே கயிற்றின் எடை போதாது என்பதால், அங்கே மட்டும் இரண்டு பாதங்களுக்கு நடுவில் கயிற்றை இடுக்கிக்கொள்ள வேண்டும்.

அடுத்தது கால் வளையத்தின் நீளம். முழுதாக எழுந்து நிற்கும்போது, கைப்பிடி அசெண்டர் நெஞ்சு அசெண்டருக்கு ஒரு விரல் அளவு மேலே இருக்க வேண்டும். அதைவிட நீளமானால் கை வீணாக உயரும், குட்டையானால் இரண்டும் முட்டிக்கொள்ளும். இந்த வளையத்துக்கு நைலான் கயிறு வேண்டாம். ஒவ்வொரு மிதியிலும் அது நீண்டு, நம் உழைப்பைத் தின்றுவிடும். அதிகம் நீளாத டைனீமா இழைக் கயிறுதான் சரி. காலை முன்பக்கம் உதைக்காமல், குதிகாலை இடுப்புக்கு நேர் கீழே கொண்டுவந்து மிதித்தால் கைக்கு வேலையே இல்லை.

கோலாலம்பூர் மழையைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. மத்தியானத்துக்கு மேல் கொட்டினால் கயிறு சேற்றில் புரண்டுவிடும், சேறு கேமின் (அசெண்டருக்குள் கயிற்றைக் கவ்வும் பாகம்) பற்களுக்கு நடுவில் அப்பிக்கொண்டால் பிடி வழுக்கும். கேமில் சேறு வெளியேற ஒரு நீள ஓட்டை இருக்கும் மாடலையே வாங்குங்கள். கூடவே ஒரு பழைய பல் துலக்கும் பிரஷ். இரண்டும் இல்லாமல் குகைப் பக்கம் போகவே கூடாது என்பது என் கட்சி.

அன்றைக்கு மேலேயே ஒரு விவாதம் வந்தது. கூட வந்த தம்பி, "அண்ணே, இதே பல் அசெண்டரையே ஆளைத் தூக்குவதற்கும் போடலாமே, எதுக்கு இன்னொன்னு?" என்றான். கூடவே கூடாது என்றேன். பல் உள்ள கேம் ஒருவர் ஏறுவதற்கானது. இஎன் 567 என்ற ஐரோப்பியத் தரத்தில் அசெண்டர் தாங்க வேண்டிய சுமை 4 கிலோநியூட்டன், அதாவது கிட்டத்தட்ட 400 கிலோ எடை. அதைத் தாண்டினால் கயிற்றின் உறையையே கிழித்துவிடலாம். மூன்றுக்கு ஒன்று (இழுக்கும் பலத்தை மூன்று மடங்காக்கும் கப்பி அமைப்பு) கட்டி நான்கைந்து பேர் வேகமாக இழுக்கும்போது, தொங்குகிறவர் பாறை விளிம்பில் சிக்கிக்கொண்டால், கயிற்றில் எவ்வளவு சுமை ஏறுகிறது என்று மேலே இருப்பவர்களுக்குத் தெரியாது. அங்கே கூர்மையான பற்கள் இல்லாத ரோப் கிராப் என்ற கயிறு பிடிக்கும் கருவி வேண்டும். பெட்ஸல் நிறுவனத்தின் ரெஸ்குசெண்டர் அந்த வகை, 9 முதல் 13 மில்லிமீட்டர் கயிறு வரை போடலாம். அது கையில் இல்லையென்றால், 11 மில்லிமீட்டர் கயிற்றில் 8 மில்லிமீட்டர் துணைக்கயிற்றை மூன்று சுற்று சுற்றிய புரூசிக். கார்ல் புரூசிக் 1931-இல் அறிமுகப்படுத்திய முடிச்சு இன்றும் மீட்புப் பையில் இருக்கிறது என்றால் காரணம் இருக்கிறது: சுமை மிஞ்சினால் அது பெரும்பாலும் முதலில் வழுக்கி நமக்குச் சொல்லிவிடும். மயங்கி, உடலைத் தாங்கும் பட்டையான ஹார்னஸில் அசையாமல் தொங்குகிறவருக்குச் சில நிமிடங்களே பெரிய ஆபத்து. அந்த நேரத்தில் கயிறு கிழிவதையும் சமாளித்துக்கொண்டிருக்க முடியாது.

வாங்கும் விஷயத்தில் ஒன்று. இணையத்தில் பாதி விலைக்குக் கிடைக்கும் பெயரில்லாத அசெண்டர்களை வாங்காதீர்கள். கருவியின் உடம்பில் தர எண்ணும் கயிற்று விட்டமும் பொறிக்கப்பட்டிருக்கிறதா, கேமின் ஸ்பிரிங் சுறுசுறுப்பாகத் திரும்புகிறதா என்று கையில் எடுத்துப் பார்த்து வாங்குவது நல்லது. நான் அதிகம் நீளாத ஸ்டாட்டிக் கயிற்றையும் மீட்டர் கணக்கில் வெட்டித் தரும் கடைக்கு நேரில் போய்த்தான் வாங்குகிறேன், பயணச் செலவு ஆனாலும் பரவாயில்லை.

கயிற்றில் ஏறும் முறையிலிருந்து இறங்கு முறைக்கு மாறுவதை இன்னும் முழுசாகப் பழகவில்லை, அதற்குள் மனம் முடிச்சைத் தாண்டுவதற்குப் போய்விட்டது. கயிற்றின் நடுவில் முடிச்சு வந்தால் நெஞ்சு அசெண்டரைக் கழற்றி மேலே மாட்ட வேண்டும், அந்த நேரத்தில் உடம்பு முழுக்கக் கைப்பிடி அசெண்டரை ஹார்னஸோடு இணைக்கும் கயிற்றில்தான் தொங்கும். என்னுடையது அதற்குச் சற்று நீளம், தொங்கினால் கைப்பிடி எட்டவில்லை. அதைக் குறைத்துக் கட்டிவிட்டு, தலை உயரத்தில் ஒரு முடிச்சுப் போட்ட கயிற்றில் அடுத்த வாரம் தொடங்கப் போகிறேன்.