வன்னியன்: பட்டமா, குடும்பப் பெயரா?

பழைய பத்திரங்களில் ஒருவரின் பெயர் "வன்னியன்" என்று முடிந்தால் அதைக் குடும்பப் பெயராக எடுத்துக்கொள்ள வேண்டாம். அது பதவி. இலங்கையின் வடக்கே வன்னிப் பகுதியில் பனங்காமம், முள்ளியவளை, கரிக்கட்டுமூலை போன்ற பற்றுகளை, அதாவது ஆட்சிப் பிரிவுகளை, ஆண்ட தலைவர்களின் பட்டம். அந்த ஆட்சியுரிமைக்கு வன்னிமை என்று பெயர். ஒல்லாந்தருக்கு வளைந்து கொடுக்காத பனங்காமத்துக் கயிலாய வன்னியனும், பிறகு வந்த பண்டாரவன்னியனும் ஒரே பட்டத்தைத் தாங்கியவர்கள். அதை மட்டும் வைத்து இருவரையும் ஒரே வம்சக் கோட்டில் வரைந்துவிடக் கூடாது.

சொல்லின் வேரை வன்னிமரம் என்பார்கள், வனம் என்பார்கள், நெருப்பைக் குறிக்கும் வடசொல் என்றும் சொல்வார்கள். தமிழகத்தில் இதே சொல் சாதிப் பெயர், இலங்கையில் பட்டம். இரண்டையும் குழப்பி எழுதுவது இணையத்தில் மலிந்துவிட்டது.

குலசேகரம் வைரமுத்து பண்டாரவன்னியன் 1803 ஓகஸ்டில் முல்லைத்தீவுக் கோட்டையை ஆங்கிலேயரிடமிருந்து பிடித்தவர்; அதே ஆண்டு ஒக்ரோபர் 31இல் கற்சிலைமடுவில் தோற்கடிக்கப்பட்டார். பண்டாரவன்னியன் என்பதன் முன்பாதியான "பண்டார"வைத்தான் பலர் தவறாக விளக்குகிறார்கள். தமிழில் பண்டாரம் என்றால் கருவூலம்; கோயிலில் பூக்கட்டும் பண்டாரமும் உண்டு. கண்டியிலோ "பண்டார" என்பது பிறகு கண்டி அரசனான கொனப்பு பண்டார போன்ற பெருங்குடியினரின் பட்டம். கண்டியோடு அவருக்கிருந்த தொடர்பைப் பார்த்தால் அந்தப் பொருளே பொருந்தும் என்பது என் முடிவு.

சிங்களத்தில் வன்னிப் பட்டம் குடும்பப் பெயராகவே உறைந்துவிட்டது: 1965 முதல் 1970 வரை நிதியமைச்சராக இருந்த யூ. பி. வன்னிநாயக்க. தமிழரிடம் அது சொந்தப் பெயருக்குள் போய்ச் சேர்ந்தது. 1947 முதல் 1959இல் இறக்கும்வரை கோப்பாய் நாடாளுமன்ற உறுப்பினராக இருந்த கு. வன்னியசிங்கம் நல்ல உதாரணம். "கு" தகப்பன் குமாரசாமியின் முதலெழுத்து. ஆங்கிலத்தில் அது "சி" ஆகிவிடும், அந்தக் காலத்தில் குமாரசாமியை அப்படித்தான் எழுதினார்கள். இது தெரியாமல் தேடினால் ஒரே ஆள் இரண்டு பேராகத் தெரிவார்.

ஆங்கிலப் பதிவுகளில் தேடும்போது "வ"வுக்கு வீ, டபிள்யூ இரண்டையும் போட்டுப் பாருங்கள். "னி"யை ஒற்றை என், இரட்டை என் இரண்டிலும், "ய"வை வை, ஐ இரண்டிலும் தேடவேண்டும். கடைசி "ன்"னை விட்டு "வன்னியா" என்றும் எழுதியிருப்பார்கள். வெளிநாட்டுப் படிவத்தில் குடும்பப் பெயர் கேட்டால் தகப்பன் பெயரை எழுதுவதா, சொந்தப் பெயரை எழுதுவதா என்பதைக் கடவுச்சீட்டில் உள்ளபடியே முடிவெடுங்கள். ஒரு இடத்தில் மாறினாலும் பிள்ளையின் பிறப்புச் சான்றிதழோடு பொருந்தாது.