கரண்ட் வைத்துப் பதினான்கு மாதம் கழித்து

புராஸ்டேட் புற்றுநோய்க்காகக் கோவையில் 20 தவணைகளில் மொத்தம் 60 கிரே அளவு கதிர்வீச்சு (எங்கள் பக்கத்தில் ‘கரண்ட் வைப்பது’ என்றால்தான் புரியும்) எடுத்துக்கொண்ட நான், அதன்பின் பதினான்கு மாதங்கள் கழித்து ஒரு காலையில் மலத்துடன் செக்கச்செவேலென்று இரத்தம் போவதைக் கண்டேன்.

சத்தியமங்கலத்திலிருந்து புளியம்பட்டி, அன்னூர் வழியாகப் பேருந்தில் போய்வந்த சிகிச்சை நாட்களில் அடிக்கடி வயிறு கலக்கியதும், மலம் கழித்த பிறகும் மிச்சமிருப்பது போல முக்கிக்கொண்டே இருந்ததும் மருத்துவர் முன்கூட்டியே சொன்னவைதாம். சில வாரங்களில் அடங்கிவிட்டன. இரத்தம் பற்றி எவரும் சொன்னதாக நினைவில்லை. ஒப்புதல் படிவத்தில் இருந்திருக்கும். கையெழுத்துப் போடும் பதற்றத்தில் அதை யார் படிக்கிறார்கள்?

“மூலச்சூடுங்க மாமா, துத்திக்கீரையை நெய்யில வதக்கிச் சாப்பிடுங்க” என்றார் மாப்பிள்ளை. ஒரு மாதம் சாப்பிட்டேன். புற்று திரும்பிவிட்டதோ என்ற பயத்தில் மருத்துவரிடம் போகாமலிருக்க அந்தக் கீரை எனக்கு ஒரு சாக்காக இருந்தது என்பதே உண்மை.

ஹீமோகுளோபின் ஒன்பதுக்கு இறங்கிய பிறகே குடல் மருத்துவரிடம் போனேன். புராஸ்டேட் சுரப்பி மலக்குடலின் முன்சுவரை ஒட்டியிருப்பதால், எவ்வளவு துல்லியமாகக் குறிவைத்தாலும் அச்சுவரிலும் கதிர் படுகிறது. அங்குள்ள நுண்ணிய இரத்தக்குழாய்கள் மெல்ல அடைபட்டு, அவற்றுக்கு மாற்றாகப் புடைத்தெழும் நொய்ந்த குழாய்கள், இறுகிய மலம் உரசினாலே கசிகின்றன. இது வெளிப்பட மாதங்கள், சிலருக்கு ஆண்டுகளே ஆகுமாம். குழாய்க் கேமரா விட்டுப் பார்த்து, புற்று இல்லை, மூலமும் இல்லை என்று உறுதிசெய்தார்கள். கரண்ட் வைத்தவன் என்பதை நான் முதலிலேயே சொன்னது நல்லதாயிற்று: முன்சுவரில் சதை கிள்ளிப் பரிசோதித்தால் அந்தப் புண் ஆறாமல் ஓட்டை விழும் ஆபத்து உண்டு என்பதால், அதைத் தொடாமல் விட்டார்கள்.

மலமிளக்கியுடன், புண்ணின் மேல் பூச்சாகப் படியும் சுக்ரால்ஃபேட் என்ற மருந்தின் கரைசலை ஆசனவாய் வழியே செலுத்திக்கொள்ளச் சொன்னார்கள். அதற்கும் அடங்காவிட்டால் ஆர்கான் வாயுவின் வழியே மின்சாரம் பாய்ச்சிக் கசியும் இடங்களைச் சுட்டு அடைப்பார்களாம். அறுபத்தெட்டு வயதில் இடப்பக்கம் ஒருக்களித்துப் படுத்து, மனைவி மருந்து ஏற்ற, சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பது முதல் மூன்று இரவுகள் கூச்சமாகத்தான் இருந்தது. ஆறு வாரத்தில் கசிவு பெருமளவு நின்றது. ஆர்கான் வரை போக நேரவில்லை.